மதகுத் திருப்பத்தில் நின்றுபோன வண்டி

டூ வீலர் எலக்ட்ரிகல் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கைகளே! உங்கள் ஒவ்வொருவர் கையிலும் மீட்டர் இருக்கிறது. பொறாமையாகத்தான் இருக்கிறது. என்னிடம் இருந்தது ஒரு பல்பும் இரண்டு முழம் ஒயரும்தான். அதை வைத்துக்கொண்டு கும்பகோணத்தில் முப்பத்தெட்டு வருடம் கடை நடத்தினேன். நடத்தினேன் என்ன, ஆடினேன், பாடினேன், பெருமையடித்தேன். எலக்ட்ரிகல் பழுது ஒன்றைக் கண்டுபிடிக்கும் நிமிடத்தில் உடம்பில் ஏறுகிற அந்தக் குதூகலம் இருக்கிறதே, அதற்காகவே மறுபடி ஒரு ஜென்மம் எடுத்து இதே வேலைக்கு வரலாம்.

எஞ்சின் பழுது யோக்கியமானது. சத்தம் போடும், புகை விடும், எண்ணெய் சிந்தும், "நான் இங்கே இருக்கிறேன்" என்று கையைத் தூக்கும். கரண்ட் பழுது அப்படியா? பக்கா ஃபிராடு! ஒருமுறை ஒரு மாப்பிள்ளை வந்தார். அடுத்த நாள் கல்யாணம். வண்டியில் பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கிறது. பெண் வீட்டுக்காரர்கள் வண்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார்களாம். மனிதர் கண்கலங்கி நிற்கிறார். டேங்கைக் கழற்றினால் அடியில் இரண்டு ஒயர் தோல் உரிந்து ஒன்றோடொன்று கொஞ்சிக்கொண்டிருந்தன. ஐந்து நிமிட வேலை. அன்று முதல் அந்தத் தெருவில் என்னை மந்திரவாதி என்றார்கள். நானும் நம்பிவிட்டேன். அங்கேதான் வினை.

இப்போது சொல்லப் போவது எனக்கு இருபத்தாறு, இருபத்தேழு வயதில் நடந்தது. நிலத்துக்கு உச்சவரம்பைக் குறைத்து, குத்தகைதாரனை வெளியேற்ற முடியாதபடி சட்டம் போட்டு, குடியிருக்கிற மனை குடியிருப்பவனுக்கே என்று அரசாங்கம் சொல்லியிருந்த காலம். காகிதத்தில் எழுதியது வயலுக்கு வந்து சேர்வதற்குள் ஊருக்கு ஊர் தகராறு. திருப்பனந்தாள் பக்கத்தில் ஒரு ஊரில் சம்பா கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது. அறுவடைக் கூலியைக் கூட்டிக் கொடுத்தால்தான் அரிவாளைத் தொடுவோம் என்று சங்கத்துக்காரர்கள் உட்கார்ந்துவிட்டார்கள். வெளியாளைக் கொண்டுவந்து அறுப்பேன் என்கிறார் மிராசுதார். தாலுகா ஆபீசில் முத்தரப்புப் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்திருந்தது.

அந்த மிராசுதார் என் வாடிக்கையாளர். நாற்பது வயதிருக்கும். ஒரு பெரிய மோட்டார் சைக்கிள் வைத்திருந்தார். அது வந்தால் சத்தத்திலேயே ஊர் ஒதுங்கும். அதைத் தள்ளிக்கொண்டு ஒரு நாள் காலையில் இரண்டு ஆட்கள் கடைக்கு வந்தார்கள். பின்னாலேயே அவர் காரில் வந்து இறங்கினார். முகம் சிவந்திருந்தது.

"தம்பி, என்னான்னு பாரு. நாலு நாளா ஒரே எடத்துல நிக்கிது."

"எந்த எடத்துலங்க ஐயா?"

"களத்துக்குப் போற வழியில அந்த வாய்க்கா மதகு இருக்குல்ல, அவனுங்க தெரு முனையில. அங்க போய்தான் படக்குன்னு நிக்கிது. மத்த எடத்துல எங்கயும் நிக்கல. மதகத் தாண்டித் தள்ளிட்டுப் போயி ஒதச்சா ஸ்டார்ட் ஆவுது. பொடிப்பசங்கல்லாம் கை தட்டிச் சிரிக்கிதுங்க."

'அவனுங்க' என்றால் வேலைநிறுத்தம் செய்துகொண்டிருக்கும் கூலிக்காரர்கள். களத்துக்குப் போக வேண்டுமானால் வாய்க்கால் கரைச் சாலையிலிருந்து இடப்பக்கம் ஒடித்து, ஒரு சின்ன மதகின் மேல் ஏறி, அவர்கள் தெரு வழியாகத்தான் போயாக வேண்டும். கரைச் சாலையில் இரண்டு மைல் பறந்து வரும் வண்டி, சரியாக அந்தத் தெரு வாசலில் செத்துப்போகிறது. யோசித்துப் பாருங்கள், அவர் நிலைமையில் இருந்தால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்?

நான் எதையும் நினைக்கவில்லை. குஷியாக வேலையில் இறங்கிவிட்டேன். வண்டியை ஸ்டாண்டில் நேராக நிறுத்தி பேட்டரி பார்த்தேன், பாயிண்ட் பார்த்தேன், காயில் பார்த்தேன். எல்லாம் பளிச்சென்று இருந்தன. ஒரு மணி நேரம் எஞ்சினை ஓடவிட்டேன். இருமல்கூட இல்லை. காவிரிப் பாலம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்த் திரும்பி வந்தேன். குதிரை மாதிரி வந்தது. பழுதைக் காணோம். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மந்திரவாதியின் கண்ணுக்குத் தப்பி ஒரு பழுது இருக்க முடியுமா?

"வண்டியில ஒரு குறையும் இல்லீங்க ஐயா" என்றேன், கையைத் துடைத்துக்கொண்டே.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "நல்லாப் பாத்துட்டியா?"

"என் கடையில வச்சுப் பாத்து குறை இல்லைன்னா குறை இல்லைதாங்க."

"எழுதிக் குடுப்பியா?"

கடைப்பெயர் அச்சடித்த தாளை எடுத்து, 'வண்டியை முழுமையாகப் பரிசோதித்தேன், எந்தக் குறையும் இல்லை' என்று எழுதி, கொட்டை எழுத்தில் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தேன். பழுது பார்க்கச் சொல்லி வந்த மனிதர், பழுது இல்லை என்பதற்கு எதற்காக எழுத்து கேட்கிறார் என்று என் மண்டையில் உறைக்கவே இல்லை. கடையின் பெருமை ஊருக்குத் தெரியட்டும் என்ற நினைப்புதான்.

மூன்றாம் நாள் காலை மிராசுதாரின் கார் கடை வாசலில் வந்து நின்றது. "எஸ்.ஐ. கூப்பிடுறாரு, ஒடனே வரணும்" என்றார் டிரைவர். எந்த எஸ்.ஐ., எதற்கு என்று அவரும் சொல்லவில்லை. டூல்ஸ் பையைத் தூக்கிக்கொண்டு ஏறினேன்.

மதகின் அந்தப் பக்கம் தெருவே திரண்டு நின்றது. இந்தப் பக்கம் மிராசுதாரும் அவர் ஆட்களும். நடுவில் போலீஸ் ஜீப்பும் மோட்டார் சைக்கிளும். ஜீப்புக்குப் பக்கத்தில் தரையில் ஒருவர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உதடு கிழிந்து, கன்னம் வீங்கியிருந்தது. வீரையன். மிராசுதார் வீட்டு மாட்டுக் கொட்டகையில் வேலை செய்பவர். தினமும் காலையில் அந்த வண்டியைக் கழுவித் துடைத்து வைப்பது அவர் வேலை. சங்கத்திலும் பெயர் கொடுத்திருந்தார். அன்றைக்கு அவரை நான் அவன், இவன் என்றுதான் பேசினேன். வயதில் என்னைவிட எவ்வளவோ மூத்தவர். இன்றைக்காவது அவர் என்று எழுதுகிறேன்.

எஸ்.ஐ. ஒரு தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். என் கடைத் தாள்!

"இது நீ எழுதிக் குடுத்ததுதானே?"

"ஆமாங்க சார்."

"வண்டியில குறை இல்லைன்னு நீயே சொல்லிட்ட. அப்பறமும் நேத்து வரைக்கும் இந்த எடத்துலதான் நின்னுருக்கு. அப்ப யாரோ என்னமோ பண்றாங்கன்னுதானே அர்த்தம்? கழுவுறவன் இவன். இவன் தெருவு இது. ஸ்டேஷன்ல வந்து இதையே சொல்லிட்டுப் போயிடு."

தம்பிகளே, அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் சொன்னது ஒன்று. அந்தக் காகிதம் சொல்வது வேறு. வண்டியில் குறை இல்லையென்றால் குறை மனிதனிடம் இருக்கிறது என்று அது சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. அன்று வீரையன் ஜீப்பில் ஏறினால் அறுவடை முடியும் வரை வெளியே வரமாட்டார். அவரை ஏற்றவிடாமல் தெரு மறிக்கும், தடியடி நடக்கும், பேச்சுவார்த்தை நாசமாகும். அத்தனைக்கும் அடியில் என் கொட்டை எழுத்துக் கையெழுத்து.

"சார், பத்து நிமிஷம் குடுங்க. இன்னொரு தடவை பாத்துடுறேன்" என்றேன்.

"அதான் பாத்துட்டியே?" என்றார் மிராசுதார்.

"கடையிலதாங்க ஐயா பாத்தேன். நிக்கிற எடத்துல பாக்கலையே."

எஸ்.ஐ. கடிகாரத்தைப் பார்த்தார். சரி என்று தலையசைத்தார். உதைத்தேன். ஒரே உதையில் ஸ்டார்ட் ஆனது. கரைச் சாலையில் அரை மைல் போய்த் திரும்பி வந்தேன். ஒன்றும் இல்லை! மறுபடி போனேன், வந்தேன். எஞ்சின் கச்சேரி மாதிரி பாடுகிறது. இரண்டு பக்கமும் கூட்டம் என் முகத்தையே பார்க்கிறது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. எஞ்சினை நிறுத்தி, ஸ்பேனரை எடுத்துப் பிளக்கைக் கழற்றப் போனேன். எதற்குக் கழற்றுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை. ஒரு மெக்கானிக் பயந்துவிட்டால் கைக்குக் கிடைத்ததைக் கழற்ற ஆரம்பிப்பான். உங்களுக்கும் அது நடக்கும். நடந்தால் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுங்கள்.

அப்போதுதான் அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. வீரையனின் மனைவி செல்லம்மா. நடவு, அறுவடை என்றால் பெண்களுக்கெல்லாம் முன்னால் நிற்கும் ஆள்.

"ஏன் மெக்கானிக்கு, ஊரெல்லாம் சுத்துறியே, எங்க தெருவுக்குள்ள ஓட்டிப் பாத்தியா? உள்ள வாரப்பதான் நிக்கிது. களத்துலேருந்து திரும்பிப் போவயில ஒரு நாளாச்சும் நின்னிருக்கா? அத ஏன் ஒருத்தரும் கேக்க மாட்டேங்கிறீங்க? நாங்க என்னமோ பண்றோம்னா ரெண்டு பக்கமும்ல பண்ணுவோம்!"

ஐயோ, அந்த நிமிடம்! இப்போது எழுதும்போதும் மயிர்க்கூச்செறிகிறது. உள்ளே வரும்போது இடப்பக்கம் ஒடிக்க வேண்டும். வெளியே போகும்போது வலப்பக்கம். மதகு குறுகல், வண்டியை உருட்டுகிற வேகத்தில் வைத்து ஹேண்டில்பாரைக் கடைசிவரை இடப்பக்கம் ஒடித்தால்தான் ஏற முடியும். சாலையில் இடப்பக்கம் திரும்பும்போது லேசாகச் சாய்த்தாலே போதும். வண்டியைத் திருப்பிக்கொண்டு வருவதென்றால் எல்லோரும் வலப்பக்கம்தான் ஒடிப்போம். காவிரிப் பாலத்தில் நானும் அப்படித்தான் திருப்பினேன். அந்த மிராசுதாரின் முழு ராஜ்ஜியத்திலும், ஓட்டும்போது ஹேண்டில்பாரைக் கடைசிவரை இடப்பக்கம் ஒடிக்க வேண்டிய இடம் அந்த ஒரே மதகுதான்!

எஞ்சினை உதைக்காமல் சாவியை மட்டும் போட்டேன். ஹெட்லைட்டின் மேல் கரண்ட் ஓட்டத்தைக் காட்டும் ஆம்ப் மீட்டர் இருந்தது. கரண்டைச் சேர்த்துப் பிரிக்கும் பாயிண்ட் மூடியிருக்கும்படி கிக்கரை மெதுவாக நகர்த்தி வைத்ததும் முள் ஒரு மயிரிழை சாய்ந்தது. பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்குக் கரண்ட் போகிறது என்று அர்த்தம். ஹேண்டில்பாரை மெள்ள மெள்ள இடப்பக்கம் ஒடித்தேன். கடைசி இரண்டு விரற்கடையில் முள் துள்ளி நடுவுக்கு வந்து அப்படியே நின்றது. நேராக்கினேன், சாய்ந்தது. ஒடித்தேன், நின்றது. நான் கத்தியே விட்டேன்.

"சார்! இங்க வாங்க சார்! நீங்களே ஒடிங்க, முள்ளப் பாத்துக்கிட்டே ஒடிங்க!"

எஸ்.ஐ. தொப்பியைக் கழற்றி ஜீப்பில் வைத்துவிட்டு வந்து ஒடித்தார். மறுபடி ஒடித்தார். சின்னப் பிள்ளை மாதிரி நாலைந்து தடவை ஒடித்துப் பார்த்தார். "அட!" என்றார். தெருவிலிருந்து ஒரு விசில் பறந்தது.

வண்டியின் கழுத்துப் பக்கம், ஃபிரேமிலிருந்து ஹெட்லைட்டுக்குப் போகும் ஒயர் கட்டு இருக்கும். அதற்குள் ஒரு ஒயர் வெளித்தோல் கிழியாமல் உள்ளே கம்பி அறுந்திருக்க வேண்டும். நேராக இருக்கும்போது நுனிகள் முட்டிக்கொள்ளும், ஒடித்தால் விலகிவிடும். வெற்றிக் களிப்போடு டேங்கைத் தளர்த்தி ஒயர் கட்டை வெளியே இழுத்தேன். இழுத்த கையிலேயே என் களிப்பு செத்தது.

ஒயர் கட்டின் மேல், ஃபிரேமோடு சேர்த்து இறுக்கி, வாழைநாரில் ஒரு கட்டு.

நான் வாய் திறப்பதற்கு முன்பே மிராசுதார் பாய்ந்து வந்தார். "பாத்தீங்களா சார்! வாழைநாரு! மோட்டார் சைக்கிள்ல எந்தக் கம்பெனிக்காரன் வாழைநாரு கட்டுவான்? கொட்டகைக்காரன் கட்டுற கட்டு இது. கரண்டு அறுந்துபோவட்டும்னே ஒயர நசுக்கிக் கட்டியிருக்கான்!"

எஸ்.ஐ.யின் முகம் மாறியது. தொப்பியை எடுத்து மறுபடி வைத்துக்கொண்டார். ஒரு கான்ஸ்டபிள் வீரையனின் தோளைப் பிடித்து எழுப்பினார். வீரையன் அந்த நாரையே வெறித்துப் பார்த்துக்கொண்டு எழுந்தார்.

அந்தக் கட்டு யார் கட்டியது என்று எனக்குத் தெரியும். எங்கள் கடைக்கு எதிரே வெற்றிலைக் கடை. வெற்றிலையைக் கவுளியாகக் கட்ட வாழைநாரை நனைத்துக் கத்தையாகத் தொங்கவிட்டிருப்பார்கள். ஒயர் கட்ட கிளிப் கிடைக்காத நாளில் ஒரு இழை உருவிக் கட்டி, முடிச்சை அப்படியே உள்பக்கம் மடித்துவிடுவேன். ஈரத்தில் பட்டு மாதிரி வளையும், காய்ந்தால் இரும்பு மாதிரி விறைக்கும் என்று பெருமையாக வேறு சொல்லுவேன். கும்பகோணம் முழுவதிலும் இந்தக் கோமாளித்தனம் செய்த மெக்கானிக் நான் ஒருவன்தான். போன தீபாவளிக்கு முன் அந்த வண்டிக்கு ஹெட்லைட் சுவிட்ச் மாற்றியவனும் நான்தான். ஒயருக்கு ஆட இடம் விடாமல் இறுக்கிக் கட்டியிருக்கிறேன். பிறகு தெரிந்தது, வேலைநிறுத்தம் தொடங்கியதிலிருந்து மிராசுதார் பயத்தில் வண்டியைத் தினமும் இடப்பக்கம் ஒடித்துப் பூட்டி வைத்திருக்கிறார். தினமும் இழுபட்டு இழுபட்டுக் கம்பி அறுந்துவிட்டது.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது? ஒரு கணம் பேசாமல் நின்றேன். அந்த ஜில்லாவில் பெரிய வண்டி வைத்திருந்தவர்கள் எல்லோரும் மிராசுதாருக்குச் சொந்தமோ சிநேகமோதான். என் கடை அவர்களால் ஓடியது. நான் வாயைத் திறக்காவிட்டால் யாருக்கும் தெரியாது. அந்த ஒரு கணத்துக்காக இன்றும் வெட்கப்படுகிறேன்.

"சார், அது நான் கட்டுனது" என்றேன்.

யாருக்கும் புரியவில்லை. "என்னது?" என்றார் எஸ்.ஐ.

"சுவிட்ச் மாத்துனப்ப நான்தாங்க கட்டுனேன். என் தப்புங்க. வீரையன் இதுல கையே வைக்கல."

"கூட்டத்தப் பாத்துப் பயந்துக்கிட்டு சொல்றியா?"

"பொய் சொல்றான் சார்" என்றார் மிராசுதார்.

"யாராச்சும் ஒரு நாரு உரிச்சுக் குடுங்க" என்று தெருவைப் பார்த்துக் கேட்டேன். செல்லம்மாதான் கொல்லைக்கு ஓடிப்போய்ப் பச்சை மட்டையிலிருந்து ஒரு நார் உரித்து வந்தார். எஸ்.ஐ. முன்னாலேயே டூல்ஸ் பையிலிருந்த இரண்டு ஒயரைச் சேர்த்துப் பிடித்து, சுற்றி, முடிச்சுப் போட்டு, நுனியை உள்பக்கம் மடித்தேன். பிறகு அதை வண்டிக் கட்டின் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். எஸ்.ஐ. குனிந்து இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். அச்சு அசல் ஒரே கை.

அவர் என் பழைய தாளைத் திருப்பி ஜீப்பின் முகப்பில் வைத்தார். "இதுக்குப் பின்னாடியே எழுது" என்றார். வண்டியில் பழுது இருந்தது, பழுதுக்குக் காரணம் என் வேலை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இந்த முறை எழுத்து கோழி கிளறியது போல இருந்தது. மிராசுதார் என் பக்கம் திரும்பவே இல்லை. அவர் வண்டியும் அவரைச் சேர்ந்தவர்கள் வண்டியும் அதன் பிறகு என் கடைக்கு வரவில்லை. அந்த வருடம் சைக்கிள் டைனமோ ரிப்பேர் பார்த்துத்தான் வயிற்றைக் கழுவினேன். ஜீப் போயிற்று. பேச்சுவார்த்தை குறித்த நாளில் நடந்தது. அறுவடையும் நடந்தது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவுதான். பழுது கிடைக்காவிட்டால் 'எனக்குக் கிடைக்கவில்லை' என்று சொல்லுங்கள். 'பழுது இல்லை' என்று சொல்லாதீர்கள். முதலாவதில் போவது உங்கள் மானம் மட்டும்தான். இரண்டாவது எந்த வீட்டுக் கதவைத் தட்டும் என்று உங்களுக்குத் தெரியாது. வண்டி எங்கே நின்றதோ அங்கே போங்கள். அது நின்றதைப் பார்த்தவர்களிடம் கேளுங்கள். ஸ்பார்க் பிளக் என்றால் என்னவென்றே தெரியாத செல்லம்மா சொன்னதுதான் அன்று என் பல்பையும் ஒயரையும்விடப் பெரிய டெஸ்டர்.

ஜீப் போன பிறகு வீரையன் வாய்க்காலில் இறங்கி முகம் கழுவிக்கொண்டிருந்தார். நான் போய்ப் பக்கத்தில் நின்றேன். "என்னாலதான் உங்களுக்கு அடி. மன்னிச்சிடுங்க" என்றேன். என் வாயில் முதல்முறையாக 'உங்களுக்கு' வந்தது.

அவர் துண்டால் உதட்டை ஒற்றிக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னும் செத்த நாழி போயிருந்தா நான்தான் பண்ணுனேன்னு ஒத்துக்கிட்டிருப்பேன் தம்பி."

"அடி தாங்க முடியாமலா?"

"அடி என்னங்க, அது புதுசா? நீங்க எழுதிக் குடுத்திருக்கீங்கன்னு படிச்சுக் காட்டுனாங்க. கும்மோணத்துல பெரிய மெக்கானிக்கே வண்டியில குறை இல்லைன்னுட்டாரு. அப்ப நான் தண்ணி ஊத்திக் கழுவுனதுலதான் என்னமோ கெட்டுப்போயிருக்கணும்னு நெனச்சேன். ரெண்டு நாளா யோசிக்கிறேன், என்ன பண்ணுனேன்னு தெரியல. தெரிஞ்சிருந்தா அப்பவே சொல்லியிருப்பேன்."

மிராசுதாருக்கு அந்தக் காகிதம் தேவைப்பட்டது. எஸ்.ஐ.க்கு அது கேசுக்கு உதவியது. அதில் எழுதியிருந்ததை உண்மை என்று நம்பியவர் வீரையன் ஒருவர்தான்.